மூன்று வருடம் பிந்தி வந்த பேச்சு

பரிதிக்குக் காது கேட்கத் தொடங்கிய அன்று அவள் காதில் முதலில் விழுந்தது, இறந்து இரண்டு வருடமான அவள் அப்பா நெடுஞ்செழியனின் குரல். பிறவியிலேயே காது கேளாத பிள்ளை. நாலு வயதில் உள்காதில் கருவி வைத்து, மயிலாடுதுறையில் அதை இயக்கினார்கள். மற்றப் பிள்ளைகள் முதல் சத்தத்துக்கு மிரண்டு அழுவார்கள். பரிதி காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள். கேளாத நாட்களில் அவளருகே பேசியதெல்லாம் எங்கேயோ தங்கியிருந்து, சரியாக மூன்று வருடம் கழித்து, நாள் தவறாமல் வருகிறது என்பது போகப்போகத்தான் தெரிந்தது. இன்றைய பேச்சும் கேட்டது, அந்தப் பேச்சும் கேட்டது. மடை, நாத்து, தங்கம் என்று அவள் சொன்னதெல்லாம் அப்பாவின் இழுப்போடு வந்தது. பேச்சுப் பயிற்சி தரும் பாத்திமாவுக்கே ஆச்சரியம்.

“வீட்ல இவகிட்ட யாருங்க இவ்வளவு பேசுறது?”

“இவ அப்பாதான் மேடம்” என்றாள் தாய் மலர்க்கொடி.

பாத்திமா ‘தந்தை காலமானார்’ என்றிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தாள், மலர்க்கொடியைப் பார்த்தாள், பயிற்சி நோட்டில் ‘அப்பா’ என்று எழுதிக்கொண்டாள்.

மலர்க்கொடிதான் காலண்டரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள். பிள்ளைக்குக் காது கேட்காது என்று டாக்டர் சொன்ன ஆனி பதினெட்டாம் தேதி, வீடு திரும்பியதும் பிள்ளையின் முகத்துக்கு நேராகவே, “இது பொறக்காமலே இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போயிருந்தாள். நெடுஞ்செழியன் பிள்ளையை மடியில் வைத்து ஏதோ பேசியது அங்கிருந்து தெரிந்தது. என்னவென்று அவள் காதில் விழவில்லை. அதன் பிறகு பம்புசெட்டுக்குப் போனவன் ஷாக் அடித்துச் செத்தான்.

மூன்று வருடம் நிறைந்து அந்தத் தேதி மறுபடி வந்தது. காலையிலேயே பிள்ளையின் தலையில் ஒட்டியிருந்த, கருவியின் வெளிப்பகுதியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். பரிதி கையை நீட்டினாள்.

“குடும்மா. அப்பா பேசுவாரு.”

மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, மலர்க்கொடி தானே அதை மாட்டிவிட்டாள். மூன்று மணி வாக்கில் பரிதியின் முகம் சுருங்கியது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து, கேட்கக் கேட்கச் சொன்னாள்.

“அம்மா சொன்னது ஒனக்குக் கேக்கலல்ல தங்கம்? நல்லதாப் போச்சு. கேட்டிருந்தாலும் கோவிச்சுக்காத. அது பயத்துல பேசுது. இரு, மோட்டார நிறுத்திட்டு வந்துர்றேன்.”

இருட்டும் வரை பிள்ளை வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது. “இன்னும் வரலியேம்மா?”

மறுநாளிலிருந்து அவளுக்குக் கேட்டது, மலர்க்கொடி மூன்று வருடம் முன்பு அழுத அழுகை. ஐப்பசி வரை கேட்டது. அடுப்படியில் அம்மா சும்மா நின்றாலும் பரிதி ஓடிவந்து அவளுடைய காய்ந்த கண்களைத் துடைப்பாள். மலர்க்கொடியும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து முகத்தைக் காட்டுவாள்.