சுஹைராவின் பகிரங்க வாக்கு

தேர்தல் சுவரொட்டியில் சுஹைராவின் பெயர் இருந்தது, முகம் இல்லை. அவள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கணவர் றம்ஸான் சிரித்துக்கொண்டிருந்தார். பெண்கள் போதாவிட்டால் வேட்புமனுவையே தள்ளிவிடுவார்கள் என்றுதான் கட்சி அவளைப் பட்டியலில் போட்டது. நாட்டில் ஆட்சி மாறிவிட்டதாம். துறைமுகத்துக்கு அக்கரையில் இருக்கும் தங்கள் ஊரில் மாறியது சுவரொட்டியின் நிறம் மட்டும்தான் என்று அவளுடைய பெறாமகள், றம்ஸானின் அண்ணன் மகள் பஸ்மியா சொல்லித் திரிந்தாள்.

தேர்தல் முடிந்து பிரதேச சபையின் முதற் கூட்டம்; சுஹைராவும் இப்போது உறுப்பினர். சபைத் தலைவரான தவிசாளர் பதவிக்குக் கட்சியின் அபூதாஹிரும் சுயேச்சைக் குழுவின் ஜெனிதாவும் போட்டி. கரையில் மீன் வெட்டும் பெண்களுக்கு ஒரு மலசலகூடம் கேட்டுக் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக அலைந்தவள் ஜெனிதா. கணவருக்குத் தெரியாமல் சுஹைராவும் கூடப் போயிருக்கிறாள்.

காலையிலேயே பஸ்மியா கெஞ்சியிருந்தாள்.

"சாச்சி, இரகசிய வாக்குக் கேளுங்க. சாச்சா முன்னால குந்திக்கிட்டிருப்பாரு. பேர் சொல்லிக் கேட்டா உங்களால ஏலாது."

"பாப்பம் புள்ள."

கூட்டத்தை நடத்திய உதவி ஆணையாளர் கேட்டார்: வாக்கெடுப்பு பகிரங்கமா, இரகசியமா? கட்சிக்காரர்கள் பகிரங்கத்துக்குக் கை உயர்த்தினார்கள். சுஹைராவின் கையும் உயர்ந்தது. அந்த ஒரு கையால் பகிரங்கம் வென்றது.

பார்வையாளர் கதிரையில் பஸ்மியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் றம்ஸான் கால்மேல் கால் போட்டார். "ஒங்கட சாச்சி பழுதில்ல. நீதான் கம்பஸுக்குப் படிக்கப் போய்க் கெட்டுப்போன."

ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். இரண்டு பக்கமும் சமமாக நின்றது. கடைசிப் பெயர் சுஹைரா.

எழுந்தாள். "ஜெனிதா."

றம்ஸானின் கால் மெல்லக் கீழே இறங்கியது.

"விளங்கல்ல. திருப்பிச் சொல்லுங்க," என்றார் ஆணையாளர்.

மாற்றிச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சுஹைரா ஆணையாளரைப் பார்க்கவில்லை. திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"என்ட வாக்கு ஜெனிதாவுக்கு."

அந்தக் குரலை இத்தனை வருடமும் எந்தக் குசினி அடுப்படியில் வைத்திருந்தாள்? பஸ்மியாவுக்குக் கைதட்டக்கூடத் தோன்றவில்லை.

ஒரு வாக்கால் ஜெனிதா தவிசாளரானாள். வெளியே வந்ததும் பஸ்மியா கேட்டாள். "ஒளிச்சுப் போட்டிருந்தா உங்களுக்குப் பிரச்சினையே இல்லையே சாச்சி?"

"ஒளிச்சுப் போட்டா அது ஆர்ர வாக்கு புள்ள? சாச்சாட வாக்கெண்டுதான் ஊரே கதைக்கும்."

வாசலில் றம்ஸான் மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு நின்றார். பின் இருக்கை காலியாக இருந்தது. சுஹைரா அதைத் தாண்டி, ஜெனிதாவோடு கரைப் பக்கம் நடந்தாள்.