மைனஸ் நாலு கிலோ

தலையணைக்காரியின் பெட்டியைச் சுமையாட்கள் கயிறு போட்டுத் தராசோடு இழுத்துக் கட்டிய பிறகுதான் எடை தெரிந்தது: மைனஸ் நாலு கிலோ. விமானச் சரக்குக் கிடங்கில் இருந்த மற்ற இரண்டு தராசுகளும் அதையே சொல்லின. ஷிப்பிங் பில்லில் பத்து கிலோ என்று எழுதியிருந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி, சரக்கைச் சுங்கத்தில் காட்டி அனுப்பிவைக்கும் கிளியரிங் ஏஜென்ட். ஒரு டஜன் பஞ்சுத் தலையணை வேறு எவ்வளவு இருந்துவிடப் போகிறது என்று எழுதிவிட்டான். சுங்க அதிகாரியோ, மனைவி டீயில் சர்க்கரை போட்டேன் என்றால் ஸ்பூனை மோந்து பார்க்கிற மனுஷர். பெட்டியைத் திறக்கச் சொன்னார். தலையணைகள் வரிசையாகக் கூரைக்குப் போய் ஒட்டிக்கொண்டன. ஏணி வைத்து ஒன்றை இறக்கி, கிழித்துப் பார்த்தார். பஞ்சு. பரிசோதனைக் கூடமும் பஞ்சு என்றே எழுதி அனுப்ப, அந்தக் கூடத்தின் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்தது. எடையைப் பொய்யாகக் காட்டியதாகச் சொல்லித் தம்பியின் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்.

தம்பி நேராக அக்கா வீட்டுக்குப் போனான். தைத்து முடித்த தலையணைகளை அவள் ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருந்தாள்.

"உண்மையச் சொல்லுக்கா. உள்ள என்ன வச்சே?"

"பஞ்சுடா."

"பஞ்சு பறக்குமா?"

"பறக்காதா பின்ன?" என்றவள், அவன் முகத்தைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தாள். "ஊரு கேக்கட்டும். நீயுமா?"

அதற்குப் பிறகு வெகுநாள் அவள் அவனிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டாள். அவனும் ஒவ்வொரு கவளத்தையும் யோசித்து யோசித்து விழுங்கினான். எடையைச் சரிக்கட்ட ஒருமுறை கிடங்குக்குப் போய்ப் பெட்டிக்குள் கல்லை வைத்து, மறுபடி நிறுக்கச் சொன்னான். கல்லும் ஏற்றுமதிச் சரக்குதானே, அதை எங்கே வெட்டி எடுத்தாய், சான்று எங்கே என்று அதிகாரி பிடித்துக்கொண்டார். கம்ப்யூட்டர் எடைக் கட்டத்தில் மைனஸ் குறியை ஏற்க மறுத்ததால் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். பதில் வர இரண்டு வருஷம் ஆனது. அதுவரை பெட்டி கிடங்குத் தூணில் கட்டப்பட்டு அந்தரத்தில் நின்றது. எலிக்கு எட்டாது என்று சுமையாட்கள் சாப்பாட்டுப் பைகளை அதில் மாட்டிவைத்தார்கள். வேலையில்லாத தம்பி அக்காவின் எதிரே உட்கார்ந்து, அவள் எடுக்கும் மூட்டையிலிருந்தே பஞ்செடுத்து, அவள் அடைப்பது போலவே ஒரு தலையணை அடைத்தான். அது தரையிலேயே கிடந்தது. அவன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்க எதுவும் தோன்றவில்லை. அதிகாரி கிழித்ததற்குப் பதிலாக அதையே டஜனில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவள்தான் முதலில் பேசினாள்.

மைனஸ் குறிக்கு அனுமதி வந்து, லைசென்ஸும் திரும்பி வந்த அன்று, அதிகாரி அக்காவையும் தம்பியையும் எதிரே நிற்க வைத்துப் பெட்டியை மறுபடி திறந்தார். பதினொரு தலையணைகள் கூரைக்குப் போயின. அண்ணாந்து எண்ணினார், சரி என்று கையெழுத்துப் போட்டார். பெட்டியின் அடியில் ஒன்று கிடந்தது. அதை எடுத்து அமுக்கினார், மோந்தார், காதில் வைத்துக் கேட்டார்.

"இது மட்டும் ஏன் மேல போகல?"

"அது நான் அடைச்சதுங்க சார்," என்றான் தம்பி.

"அதான் கேக்கறேன். உள்ள என்ன?"

"பஞ்சுதாங்க. அவன் என் தம்பி," என்றாள் தலையணைக்காரி.

அதிகாரி நம்பவில்லை. பதினொன்றும் விமானம் ஏறிப் போய்விட்டன. பன்னிரண்டாவதன் சோதனை முடிவுக்காக அக்காவும் தம்பியும் கிடங்கு வாசல் பெஞ்சில் காத்திருந்தார்கள்; அவள் அவன் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள்.