பெரிலின் துருப்பிடித்த துப்பாக்கி

இங்கிலாந்தில் டட்லி பக்கத்தில் குளிர்காலம் வந்தால் ஆண்கள் பப் என்கிற மதுக்கடையில் ஏர்கன், அதாவது காற்றுத் துப்பாக்கி சுடுவார்கள். பெண்கள் அவர்களுக்காக ரொட்டியில் வெண்ணெய் தடவுவார்கள். யார் போட்ட சட்டமோ தெரியாது. ‘வெள்ளை வாத்து’ பப்பிலும் அதே கதைதான். அறையின் ஒரு கோடியில் இரும்புத் தகடு, அதன் நடுவில் சின்னத் துளை. குண்டு துளைக்குள் போனால் பின்னாலிருக்கும் மணி அடிக்கும். தவறினால் தகட்டில் பூசிய வெள்ளைச் சாந்தில் வடு விழும், எல்லோரும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சங்கிலிப் பட்டறையில் வேலை பார்த்த பெரில் ட்ரோமன்ஸ் அந்த பப்பின் போட்டி அணியில் மாற்று ஆள். பேர்தான் மாற்று ஆள். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவளை மட்டும் கூப்பிட மாட்டார்கள். அணித் தலைவன் அவளுடைய சொந்த அண்ணன் ஹொரேஸ் என்பதுதான் அவளுக்கு ஆறாத எரிச்சல்.

அந்த வருடம் கோப்பையின் இறுதிப் போட்டிக்கு முன்னால் அணியில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். வேறு ஆள் இல்லை. சொந்தத் துப்பாக்கி இருந்தால் வா என்று ஹொரேஸ் வேண்டாவெறுப்பாகச் சொன்னான். அவளிடம் இருந்தது சந்தையில் ஒரு குப்பைக் குவியலிலிருந்து எடுத்த நூறு வயதுத் துப்பாக்கி. வெளியே துரு; உள்ளே காற்றைத் தள்ள வேண்டிய பிஸ்டனின் தோல் வாஷர் காய்ந்து சருகாகிக் கிடந்தது.

ஹொரேஸ் தன்னுடைய பழைய துப்பாக்கியை வுல்வர்ஹாம்ப்டனில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பார்கெட்டரிடம் முன்பே புதுப்பிக்கக் கொடுத்திருந்தான். பார்கெட்டர் கைதேர்ந்த ஆள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவரிடம் வேலை மலையாகக் கிடந்தது. இப்போது கொடுத்தால் போட்டி முடிந்த பிறகுதான் கைக்கு வரும். அது தெரிந்தேதான் அண்ணன்காரன் அக்கறை காட்டினான்.

“தெரிஞ்சவன்கிட்ட குடு பெரில். ஸ்பிரிங் தெறிச்சா பல்லு மிஞ்சாது.”

“பல்லு என்னோடதுதானே. நீ உன் வேலையப் பாரு.”

பக்கத்து வீட்டுத் தச்சரிடம் நீளமான கிளாம்ப் ஒன்றை இரவல் வாங்கி, கொட்டகையில் துப்பாக்கியை அதில் இறுக்கிப் பிடித்து, ஸ்பிரிங்கை மெல்ல மெல்லத் தளர்த்தி வெளியே எடுத்தாள். பயமாகத்தான் இருந்தது. துருவை எஃகுப் பஞ்சால் தேய்த்ததில் விரல் நுனிகள் எரிந்தன. பழைய பூட்ஸின் நாக்கை வெட்டி வாஷர் செய்தாள். ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தாலும் கோணல் இல்லை. புதுசு வாங்க மனமில்லாமல் அதையே துடைத்துத் திரும்பப் போட்டாள். துப்பாக்கியின் மரக் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவியும் பழைய கீறல்கள் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

தப்பு ஒன்று செய்தாள். தோல் நன்றாக ஊற வேண்டும் என்று எண்ணெயைக் கையளவு தெரியாமல் ஊற்றிவிட்டாள். பயிற்சியன்று விசையை அழுத்தியதும் உள்ளே இருந்த எண்ணெய் பற்றிக்கொண்டு வெடிபோல் சத்தம், குப்பென்று புகை. குண்டு தகட்டையே தாண்டிப் பலகையில் போய்ப் புதைந்தது. வடு விழும்போதெல்லாம் தகட்டுக்கு வெள்ளை பூசுகிறவர் தூரிகையோடு மேசைக்கடியில் பதுங்கியிருந்தார். பப்பே வயிறு வலிக்கச் சிரித்தது. பெரிலுக்கு அவமானத்தில் காது சூடேறியது.

ஆனால் அழுதுகொண்டு உட்காருகிற ஜாதி இல்லை அவள். மறுபடி பிரித்தாள், வாஷரைத் துணியில் வைத்துப் பிழிந்தாள். கொட்டகையில் மரக்கட்டையை நிறுத்தி, புகை நிற்கும்வரை சுட்டுத் தள்ளினாள். அப்புறம் அந்தத் துப்பாக்கி இருமுவதை விட்டு, மெல்லத் தும்முவதுபோல் சுட ஆரம்பித்தது. கையில் அசைவே தெரியவில்லை.

இறுதிப் போட்டியன்று ஹொரேஸின் துப்பாக்கி வந்து இறங்கியது. அழகென்றால் அழகு. கருநீலமாக மின்னியது, தொடவே கை கூசியது. புதுசுபோல ஆக்கிக் கொடுங்கள், நல்ல பலமாக இருக்கட்டும் என்று அவன் கேட்டிருந்தான். பார்கெட்டரும் சொன்னபடியே விறைப்பான புது ஸ்பிரிங் போட்டுக் கொடுத்திருந்தார். அறைக்குள் ஆறு கஜ தூரத்தில் சுடுவதற்கு அவ்வளவு பலம் எதற்கு? முன்னோட்டமாகச் சுட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் துப்பாக்கி துள்ளியது. குண்டு துளையைச் சுற்றிக் கோலம் போட்டதே தவிர மணி வாயைத் திறக்கவில்லை.

எதிரணி சிரிக்கத் தொடங்கியது. ஹொரேஸ் தங்கையை ஓரமாக அழைத்துப் போனான். அவளுடைய துப்பாக்கியைத் தான் வாங்கி அவள் பங்குக்கும் சேர்த்துச் சுட்டுவிடுவதாகவும், அவள் இந்த முறையும் உட்கார்ந்துகொள்ளலாம் என்றும் குழைந்தான்.

பெரில் துப்பாக்கியை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

“துப்பாக்கி வேணும்னா ஆளும் சேர்ந்துதான் வரும்ணே. ரெண்டுல ஒண்ணு மட்டும் கிடையாது.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பேரம் படியாது என்று புரிந்துகொண்டு தன் இடத்துக்குப் போய்த் துள்ளுகிற துப்பாக்கியோடு மல்லுக்கட்டினான். ஐந்து குண்டில் இரண்டுக்குத்தான் மணி அடித்தது. மற்றவர்கள் எப்படியோ இழுத்துப் பிடித்தார்கள். கடைசியாக பெரில் வந்தபோது, ஐந்துக்கும் மணி அடித்தால் மட்டுமே கோப்பை என்ற நிலை. ஒன்று தவறினாலும் பழி யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் குண்டுக்கு மணி அடித்தது. இரண்டாவதுக்கும் அடித்தது. மூன்றாவதில் பேச்சுச் சத்தம் நின்றது. நான்காவதில் எதிரணிக்காரர் ஒருவர் பீர் கிளாஸைக் கீழே வைத்தார். ஐந்தாவதுக்கு அவள் மூச்சை விட்டு, விசையை அழுத்தினாள். தகட்டில் பூசிய வெள்ளை பூசியபடியே இருக்க, மணி கணீரென்று அடித்தது.

அறை கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது. பெரிலுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் மறைக்க அவள் மெனக்கெடவில்லை. எதிரணித் தலைவர் வந்து அந்தக் கீறல் விழுந்த கட்டையைத் தடவிப் பார்த்தார். இதைச் சரிசெய்தது எந்த ஊர் ஆள் என்று ஹொரேஸிடம் கேட்டார்.

ஹொரேஸ் தொண்டையைச் செருமினான். “என் தங்கச்சி,” என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

தன்னுடையதையும் பார்த்துத் தர முடியுமா என்று அவர் பெரிலிடம் கேட்டார்.

“வரிசையில நிக்கணும் சார்,” என்றாள் அவள். “முதல்ல எங்க அண்ணனோடதைப் பிரிக்கணும்.”