தூக்கிச் சுமக்கிற மகன்

என் அத்தை வெயிலுகந்தம்மாளுக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன. அவளை நடக்கவிடாமல் செய்தது அவள் மகனுடைய நல்ல பேர்.

ஆனி மாதம் ஒருநாள் விடியக்காலம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். விழாமல் என்ன செய்வாள்? புது வீட்டில் முகம் பார்க்கிற மாதிரி டைல்ஸ். குளியலறை வாசலில் முக்கால் அடிக்கு ஒரு படி. படியோரம் பழைய சேலையை மடித்து மிதியடி. கோவில்பட்டிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் கீறல்கூட இல்லை, இடுப்பில் ரத்தக்கட்டு மட்டும். பத்து நாளில் நடக்கச் சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். சுடலைக்குமார் அத்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

அன்றிலிருந்து அம்மாவைத் தூக்க ஆரம்பித்தார். கட்டிலிலிருந்து குளியலறைக்கு, குளியலறையிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து மறுபடி கட்டிலுக்கு. நாகலாபுரத்தில் அத்தை தெருப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். "பெத்தா இப்பிடி ஒரு பிள்ளையப் பெக்கணும்" என்றார்கள். அத்தான் கெட்டவர் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

நான் பிசியோதெரபி படித்தவள். எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். ஊரில் என் படிப்புக்கு 'காலு பிடிச்சு விடுத படிப்பு' என்று பேர். புரட்டாசியில்தான் கோவில்பட்டியில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்து ஊர்ப்பக்கம் வந்தேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அத்தையின் தொடையைப் பிடித்துப் பார்த்தேன். முப்பது வருஷம் பருத்தி எடுக்கக் காடு காடாக நடந்த கால். சதை தொளதொளவென்று கையோடு வந்தது.

"அத்தான், இன்னும் ரெண்டு மாசம் இப்பிடியே தூக்குனியன்னா அத்தை நிக்கவே மாட்டாவ" என்றேன். "தினமும் பத்துத் தடவை நாற்காலில உக்காந்து எந்திரிக்கட்டும். ஜன்னல் கம்பியப் பிடிச்சிக்கிட்டு குதிகாலத் தூக்கி இறக்கட்டும். குளியலறைச் சுவத்துல ஒரு கைப்பிடி அடிங்க. அந்தச் சேலைய முதல்ல தூக்கி எறிங்க."

"இந்த வயசுல எங்கம்மை தோப்புக்கரணம் போடணுமாக்கும்."

"கைப்பிடியாவது அடிங்க."

"வீட்ட ஆஸ்பத்திரியா ஆக்கச் சொல்லுதா இவ." அவர் மனைவி சுந்தரேஸ்வரி அக்காவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "ஏட்டி சுதா, மறுபடி விழுந்தா நீ வந்து பாப்பியா? பெத்தவள நடக்க விட்டுட்டு கை வீசித் திரியுதாம்பாங்க."

"படுக்கப் போட்டாத்தான் அடுத்து விழுவாவ. சதை இல்லாத காலு ஆளத் தாங்காது."

"பெத்தம்மா சித்தி வீட்டுல போய்ப் பாரு. சித்திரையில களத்துல விழுந்தாவ. இன்னைக்கு வரைக்கும் தரையில கால் படல. மருமகளுவ ஊட்டி விடுதாளுவ. சித்தி மகன்தான் பிள்ளை."

பெத்தம்மாள் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அத்தையின் கூட்டாளி. பருத்திக் காட்டில் இரண்டு பேரும் அடுத்தடுத்த நிரையில்தான் நிற்பார்கள் என்று அம்மா சொல்லுவாள்.

அதற்கப்புறம் நான் அத்தானிடம் கேட்கவில்லை. அவர் மக்காச்சோளக் காட்டுக்குப் போனதும் ஞாயிற்றுக்கிழமை தோறும் போவேன். மற்ற நாட்களில் சுந்தரேஸ்வரி அக்கா பார்த்துக்கொண்டாள். வாசலில் அரிசி புடைக்கிற மாதிரி உட்கார்ந்து, பைக் சத்தம் கேட்டால் சுளகைத் தட்டுவாள். ஒரு மனுஷி நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதற்கு, திருட்டு மாதிரி, காவல் போட வேண்டியிருந்தது.

முதல் நாள் இரண்டு தடவைதான் எழுந்தாள்.

"ஏட்டி, பூமி ஆடுதுட்டி."

"பூமி ஆடல அத்தை. உங்க தொடை ஆடுது."

"வாய் மட்டும் நல்லாப் படிச்சிருக்க."

ஐப்பசி முடிவதற்குள் பத்துக்கு வந்துவிட்டாள். சுவரைப் பிடித்து நடந்தாள், பிறகு பிடிக்காமல் நடந்தாள். அத்தான் சாயங்காலம் வரும்போது கட்டிலில் படுத்திருப்பாள். அவர் குனிந்ததும் கழுத்தில் கையைப் போடுவாள்.

"அத்தான்ட்ட எப்ப சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

"தூக்குததுல அவனுக்கு ஒரு சந்தோசம்" என்றாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெத்தம்மாள் செத்துப்போனாள். சேதி வந்தபோது நான் அத்தை வீட்டில்தான் இருந்தேன். காட்டுக்குப் போன அத்தான் பாதியில் திரும்பி வந்தார். துட்டி வீட்டுக்குப் போக வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலோரம் குனிந்தார்.

"எம்மா, கையக் கழுத்துல போடு."

அத்தை கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "நான் நடந்து வாரேன்."

"எப்பிடி நடப்ப?"

"அந்த வீட்டுல தூக்கிட்டுப் போறதுக்கு ஒருத்தி கிடக்கா. நானும் தூக்குலதான் போகணுமால?"

சொல்லிவிட்டு எழுந்து நின்றாள். எதையும் பிடிக்கவில்லை. அத்தான் குனிந்த வாக்கிலேயே அவளை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் வேலையாட்டி இது?"

"என் வேலையும்தான்" என்று சுந்தரேஸ்வரி அக்கா அடுப்படியிலிருந்து சொன்னாள்.

"ராத்திரி மழை. தெருவெல்லாம் சகதி. வழுக்கி விட்டுரும். ஊரே பாக்கும்."

"பாக்கட்டும்" என்றாள் அத்தை. "என்னத் தூக்குனன்னு வையி, இன்னைக்கே என் தம்பி வீட்டுக்குப் போயிருவேன். பிள்ளை இருக்கும்போதே பிறந்த வீட்டுல கஞ்சி குடிக்கான்னு ஊரு சொல்லட்டும்."

அத்தான் கையை எடுத்துவிட்டார். டாக்டர் சொன்னது அவருக்குள் இறங்கவில்லை, நான் நாலரை வருஷம் படித்துவிட்டு வந்து சொன்னதும் இறங்கவில்லை. இது இறங்கியது. எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

டிராக்டர் இழுத்துவந்த கரிசல் சகதி தெருக் கல்லின் மேல் பசையாக அப்பிக் கிடந்தது. தேய்ந்த செருப்பைக் கழற்றச் சொன்னேன். வெறுங்காலோடு, விரலை ஊன்றி, ஓரமாக நடந்தாள். நான் ஒட்டிப் போனேன். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். மூச்சு வாங்கினால் உட்காரலாம்.

டீக்கடையில் இருந்த மாடக்கண்ணு பார்த்துவிட்டார்.

"என்னலே சுடலை, அம்மைய நடத்திக் கூட்டிட்டு வார. கை சுளுக்கிட்டா?"

கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடந்த அத்தான், கொஞ்ச தூரத்தில் அக்காவிடமிருந்து நாற்காலியைப் பிடுங்கி, தானே தூக்கிக்கொண்டார்.

முக்குத் திரும்பும்போது அத்தையின் இடது கால் வழுக்கியது. நாற்காலி கீழே விழுந்த சத்தம் கேட்டது. நான் இடுப்பைப் பிடித்தேன், ஆனால் பிந்தித்தான் பிடித்தேன். அதற்குள் வலது கால் அவளைத் தாங்கிவிட்டது.

"விடுட்டி, நிக்கேன்" என்றாள்.

பெத்தம்மாள் வீட்டில் கூட்டம். ஐஸ் பெட்டி இன்னும் வரவில்லை. கட்டிலைச் சுற்றி ஊதுபத்தி கட்டுக்கட்டாக எரிந்தது. அதையும் மீறி, படுத்தே கிடந்ததில் வெடித்த முதுகுப் புண் வாடை வந்தது. மூத்த மருமகள் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஏழு மாசம் பெரியம்மா. தரையில கால் படாம வச்சிருந்தோம்."

"யாரு செய்வா அப்பிடி" என்றார்கள் சுற்றியிருந்தவர்கள்.

அத்தை கால்மாட்டில் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தாள். போர்வைக்குள் கையை விட்டுப் பெத்தம்மாளின் கெண்டைக்காலைப் பிடித்தாள். வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் குனியச் சொன்னாள்.

"இவளுக்கு நீ சொல்லிக் குடுத்தியாட்டி?"

புரட்டாசியில், அத்தான் சொன்ன மறுவாரம், இந்த வீட்டு வாசலுக்கு வந்தேன். மூத்த மகன் முனீஸ்வரன் நிலையிலேயே மறித்தார். "காலு பிடிச்சு விட எங்க வீட்டுல மருமகளுவ இருக்காளுவ. நீ போத்தா" என்றார். உள்ளே யாரோ சிரித்தார்கள். நானும் ஏதோ பேசிவிட்டு வந்தேன். இவன் வீட்டு வாசலை இனி மிதிப்பேனா என்று அம்மாவிடம் கத்தினேன். மிதிக்கவில்லை. எட்டு ஞாயிற்றுக்கிழமை இந்தத் தெரு வழியாகத்தான் அத்தை வீட்டுக்கு நடந்தேன்.

"ஒரு தடவை வந்தேன் அத்தை" என்றேன். "வாசல்லயே போகச் சொல்லிட்டாவ."

"ஒரு தடவை."

"ஆமா."

"எனக்கு வாரா வாரம் வந்தியே."

திட்டியிருந்தால் தேவலை. ஊரை, அத்தானை, அந்த மருமகள்களை எல்லாம் திட்ட எனக்கு வார்த்தை இருந்தது. அந்தப் புண்ணுக்குள் என் ரோஷமும் இருக்கிறது.

அத்தை போர்வையைச் சரியாக இழுத்து விட்டாள். முன்னால் சாய்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே எழுந்தாள். அத்தான் ஒரு பக்கம் கையை நீட்டினார். நான் இன்னொரு பக்கம் நீட்டினேன். அவள் இரண்டையும் தொடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.