நாரைகள் தோற்ற கோடை

அந்தக் கோடையில் டெல்பரி ஊரின் பேஸ்பால் அணியான நாரைகள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். முதலில் ஊர் சிரித்தது, பிறகு முணுமுணுத்தது. ஜூலை பிறந்தபோது இரண்டும் நின்றுபோயின. மைதானத்துக்கு வருகிறவர்கள் இறுகிய முகத்தோடு வந்தார்கள், தொண்டை கட்டும்வரை கத்திவிட்டுப் போனார்கள்.

நாரைகள் ஒன்றும் பெரிய அணி இல்லை. பேஸ்பால் ஏணியில் கிட்டத்தட்டக் கடைசிப் படி. மேலே ஏறத் துடிக்கும் பையன்கள் ஒன்றிரண்டு வருஷம் ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் பாட்டில் தொழிற்சாலை மூடிய பிறகு டெல்பரியில் மிஞ்சியது ஆறும், பாலமும், இந்த அணியும்தான். கூட்டம் வராவிட்டால் அணியையும் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று எங்கோ தூரத்திலிருந்த முதலாளி சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து ஒவ்வொரு தோல்வியும் ஊருக்குச் சாவுச் செய்தி போல ஆகிவிட்டது.

நோரீன் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் சமைப்பவள். கணவன் போன பிறகு, தான் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே தனியாக இருந்தாள். ஆட்டக்காரர்கள் வாங்கும் சம்பளத்தில் தனி வீடு எடுக்க முடியாது. அதனால் ஊர்க்காரர்கள் ஆளுக்கொருவரைத் தங்கவைத்துக்கொள்வது வழக்கம். நோரீன் வீட்டு மாடியறையில் வருஷத்துக்கு ஒரு பையன் தங்குவான். அது ஒரு காலத்தில் அவளுடைய தம்பி டுவேனின் அறை. அவன் சிறு வயதில் சுவரில் செதுக்கிய பெயர்கூட இன்னும் கட்டில் பக்கம் இருந்தது.

இந்த வருஷம் அந்தக் கட்டிலில் படுத்தவன் எவாரிஸ்தோ. டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த பந்தெறிபவன். இருபது வயது. காலையில் போனில் அம்மாவிடம் கலகலவென்று பேசுவான். பிறகு அடுப்படிக்கு வந்து நோரீனிடம் தட்டுத்தடுமாறி நாலு வார்த்தை பேசுவான். அவளை "டோன்யா" என்று மரியாதையாகக் கூப்பிடுவான். ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணியை மடக்க அவனைத்தான் அனுப்புவார்கள். மே மாதத்தில் மடக்கினான். அப்போது டுவேனே அவனை ஆற்றுக்குக் கூட்டிப்போய் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தான். ஜூனில் அவன் கை சொன்னபடி கேட்கவில்லை. கையில் வந்த வெற்றியெல்லாம் அவன் விரல் வழியே நழுவிப் போயிற்று.

டுவேனுக்கு மைதானத்தில் மூன்றாவது பேஸ் பக்கம் முன்வரிசையில் நிரந்தர இருக்கை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். தொழிற்சாலை போன பிறகு அங்கேயும் இங்கேயும் வேலை பார்த்தான். அவன் வாயைக் கேட்பதற்கென்றே ஜனங்கள் அந்தப் பக்கம் உட்காருவார்கள். "நடுவரே, இன்னொரு கண்ணையும் மூடிக்கோ! ரெண்டும் ஒண்ணுதான்!" என்று அவன் கத்தினால் எதிரணிக்காரர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். நோரீனும் பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவள்தான்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் வாசலுக்கு வந்தபோது தபால் பெட்டியில் ஒரு சட்டை தொங்கியது. நாரைகளின் சட்டை. முதுகில் எவாரிஸ்தோவின் எண். கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டுக் கட்டி, நெஞ்சில் சிவப்புப் பெயின்டைக் கொட்டியிருந்தார்கள். பெயின்ட் இன்னும் காயவில்லை. அப்படியென்றால் கட்டியவன் போய் அதிக நேரமாகவில்லை. அவள் தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கையசைத்தார். அவளும் அசைத்தாள். இவராக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளைக் கலக்கியது.

எவாரிஸ்தோ கீழே வருவதற்குள் சட்டையைக் குப்பையில் திணித்தாள். டுவேனுக்குப் போன் செய்தாள்.

"விடுக்கா, சின்னப் பசங்க வேலை," என்றான் அவன்.

"சின்னப் பசங்களுக்கு இவன் என் வீட்டுல இருக்கான்னு எப்படிடா தெரியும்?"

"ஊருக்கே தெரியும். நீதானே எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச."

அவன் சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு மதியம் ஆட்டம். அதிசயமாக, கடைசிச் சுற்று வரை நாரைகள் முன்னிலையில் இருந்தார்கள். கூட்டம் எழுந்து நின்றது. அப்போது எவாரிஸ்தோ பந்தெறியும் நடுமேட்டுக்கு ஓடி வந்தான். ஆரவாரம் அப்படியே அடங்கியது. நோரீனுக்கு அந்த அமைதிதான் பிடிக்கவில்லை.

எதிரணியின் முதல் ஆளுக்கு எறிந்த நாலு பந்தும் எல்லைக்கு வெளியே போயின. விதிப்படி, அடிக்காமலேயே அவன் முதல் பேஸுக்கு நடந்தான். அடுத்தவனும் அப்படியே.

"டேய், பந்தை எறியச் சொன்னா தானம் பண்றியே!" டுவேனின் குரல். சிரிப்பு எழுந்தது, ஆனால் அதில் சிரிப்பு இல்லை.

மூன்றாவது ஆள் அடித்தான். பந்து வேலியைத் தாண்டி, வண்டி நிறுத்தும் இடத்தையும் தாண்டிப் போயிற்று. மூன்று பேர் நிதானமாக ஓடிவந்து, ஓட்டத்தை முடிக்கும் வீட்டுத் தட்டைத் தொட்டார்கள். முன்னிலை போயிற்று, ஆட்டமும் போன மாதிரிதான்.

பீர்க் குவளைகள் பறந்தன. எவாரிஸ்தோ தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு மேட்டில் நின்றான். அப்போதுதான் டுவேன் கம்பியைப் பிடித்து எழுந்து கத்தினான்.

"நீ எங்க தூங்குறேன்னு எங்களுக்குத் தெரியும்டா!"

மூன்றாவது பேஸ் பக்கம் முழுதும் அதைப் பிடித்துக்கொண்டது. கைதட்டித் தாளம் போட்டுச் சொன்னது. எங்க தூங்குறேன்னு தெரியும். எங்க தூங்குறேன்னு தெரியும். அடுத்த இருக்கையில் பல் டாக்டரின் மனைவி, தேவாலயத்தில் நோரீனோடு சேர்ந்து பாடுகிறவள், அவளும் சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் சொல்லும் இடம் நோரீனுடைய வீடு. அவர்கள் சொல்லும் கட்டில், கத்துகிறவனின் கட்டில். தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. அவள் பெயர் சொல்லி அழைத்தாள். அவன் காதில் விழவில்லை.

ஆட்டம் முடியுமுன்பே எழுந்து போய் ஆட்டக்காரர்கள் வெளியேறும் கதவருகே காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அங்கே ஏற்கனவே ஆட்கள் கூடியிருந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. காவலுக்கு நின்றவன் கையைக் கட்டிக்கொண்டு எங்கோ பார்த்தான். எவாரிஸ்தோ குனிந்தபடி வேகமாக வந்து பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான். கதவு மூடியதும் கூட்டம் காரைச் சூழ்ந்தது.

தெரியாத முகங்களாக இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். எல்லாம் தெரிந்த முகங்கள். மருந்துக்கடைக்காரர், பள்ளிக்கூடத்தில் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், தபால்காரர். யாரோ காரின் பின்பக்கத்தை அழுத்தினான். கார் தொட்டில் போல ஆடியது. "இறக்கு அவனை!" என்று ஒரு பெண் குரல் கேட்டது. இறக்கி என்ன செய்வார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. அதுதான் நோரீனை நடுங்கவைத்தது.

எவாரிஸ்தோ வாய்க்குள் தன் மொழியில் ஜபம் சொன்னான். "டோன்யா, போங்க," என்றான். "ப்ளீஸ், போங்க."

எப்படிப் போவது? காருக்கு முன்னால் டுவேன் நின்றான். இரண்டு கையையும் பானட்டின் மேல் ஊன்றியிருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கை தூரத்தில் அவன் முகம். அவளை நேராகப் பார்த்தான். ஆனால் அக்காவைப் பார்த்த அடையாளம் அந்தக் கண்ணில் இல்லை.

"டுவேன்! நான்டா! நகரு!"

பின்னால் கண்ணாடி வெடித்துச் சிதறியது. யாரோ எறிந்த திறக்காத பீர் டப்பா பின் இருக்கையில் விழுந்து நுரையைப் பீய்ச்சியது. எவாரிஸ்தோ தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். நோரீனின் கால் தானாக இறங்கியது. பிரேக்கின் மேல் அல்ல.

கார் துள்ளி முன்னே போயிற்று. ஏதோ மோதிய சத்தம். டுவேனின் முகம் பக்கவாட்டில் சரிந்து மறைந்தது. கூட்டம் அலறிப் பிளந்தது. அவள் நிறுத்தவில்லை, கண்ணாடியில் பின்னால் பார்க்கவும் இல்லை. வீட்டுப் பக்கம் திரும்பப் போனவள், அந்த வீடு ஊருக்கே தெரியும் என்பது நினைவுக்கு வந்து, பாலத்தின் பக்கம் திருப்பினாள்.

ஆற்றுக்கு அக்கரையில், பெட்ரோல் நிலையம் ஒன்றில் காரை நிறுத்தினாள். எவாரிஸ்தோவின் தலைமுடியில் கண்ணாடித் துகள் மின்னியது. அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அது உங்க தம்பிதானே?" என்றான் அவன்.

"ஆமா."

"எனக்கு மீன் பிடிக்கக் கத்துக் கொடுத்தாரு."

"ஆமாப்பா."

"செத்துட்டாரா?"

அவள் போனை எடுத்து, மைதானத்தில் நொறுக்குத்தீனி விற்கும் தோழியை அழைத்தாள். டுவேன் எழுந்து நொண்டிக்கொண்டு நடந்துதான் போனான் என்றாள் தோழி. மேலும் ஏதோ சொல்ல வந்தவள், தயங்கி, "இன்னைக்கு வீட்டுக்குப் போகாதே நோரீன்," என்று மட்டும் சொன்னாள்.

"நீ உன் நாட்டுக்கே போயிடுப்பா," என்றாள் நோரீன் அவனிடம். "நான் டிக்கெட் எடுத்துத் தர்றேன்."

அவன் மிரண்டுபோய் மறுத்துத் தலையாட்டினான். கூட்டம் சூழ்ந்தபோதுகூட அவன் கண்ணில் இவ்வளவு பயம் இல்லை. "வேணாம் டோன்யா. போனா வெட்டிருவாங்க, டீம்லேர்ந்து என் பேரை. செவ்வாக்கிழமை நான் எறியணும். எறியாம வீட்டுக்குப் போனா அம்மா முகத்தை எப்படிப் பாக்குறது?"

அணிக்காரர்கள் அவனை நெடுஞ்சாலை ஓரத்து விடுதிக்கு மாற்றினார்கள். நோரீன் அன்றிரவு அக்கரையிலேயே இன்னொரு தோழி வீட்டில் படுத்தாள். திங்கள் பகலில் திரும்பினாள். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல், தோட்டம், தபால் பெட்டி எல்லாம் விட்டுப்போன மாதிரியே இருந்தன. ஒன்றும் ஆகாதது அவளுக்கு ஆறுதலாக இல்லை. இனிமேல்தான் ஆகப்போகிறது போல இருந்தது.

மத்தியானம் டுவேன் வந்தான். முழங்காலில் கட்டு. வழக்கமாகக் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறவன், தாழிட்ட வலைக்கதவுக்கு வெளியே நின்றான்.

"கதவைத் திற, அக்கா."

"அங்கேயே நின்னு சொல்லு."

"கண்ணாடியை உடைச்சது நான் இல்ல."

"தெரியும். உன் ரெண்டு கையும்தான் என் கண்ணு முன்னாடி இருந்துச்சே."

"கூட்டத்துல கத்துறப்ப யாரு யோசிச்சுக் கத்துறாங்க, அக்கா? இந்த டீமும் போயிட்டா இந்த ஊர்ல என்ன இருக்கு? நான் காலைல எந்திரிச்சு எங்க போவேன்?" அவன் வலைக்கதவைப் பிடித்துக்கொண்டான். "அவன் மேல எனக்கு என்ன கோபம்? நல்ல பையன்."

"சட்டையைத் தொங்கவிட்டது யாருடா?"

டுவேன் தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நான் இல்ல. யாருன்னு தெரியும். சொல்ல மாட்டேன். கேக்காத."

"ஏன்?"

"நானும் இந்த ஊர்லதானே இருக்கணும்."

தம்பியும் பயந்துபோயிருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேற்று அத்தனை பேரையும் ஒரே வாக்கியத்தால் ஆட வைத்தவன் இன்று அவர்களில் ஒருவன் காதில் விழுந்துவிடுமோ என்று கிசுகிசுக்கிறான்.

"ஒண்ணு கேக்குறேன்," என்றான் டுவேன். "பதட்டத்துல கால் வழுக்கிருச்சா? இல்ல, வேணும்னே மிதிச்சியா?"

வழுக்கியது என்று சொல்லியிருக்கலாம். அவனும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றான்.

"மிதிச்சேன்," என்றாள் நோரீன்.

அவன் தலையை மெல்ல ஆட்டினான். படியில் ஒரு காலை இழுத்து இழுத்து இறங்கினான். அவள் அழைக்கவில்லை. வலைக்கதவுக்குப் பின்னால் இருந்த மரக்கதவையும் சாத்தினாள்.

செவ்வாய் மாலை அவள் மைதானத்துக்குப் போகவில்லை. அடுப்படியில் ரேடியோவை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நாரைகள் ஒரே ஒரு ஓட்டம் முன்னால். கடைசிச் சுற்றில் வர்ணனையாளர் எவாரிஸ்தோவின் பெயரைச் சொன்னார். முதல் ஆளை வெளியேற்றினான். இரண்டாமவனையும். இன்னும் ஒருவன் வெளியேறினால் ஆட்டம் முடிந்துவிடும். மூன்றாமவன் அடித்த சத்தம் தெளிவாகக் கேட்டது. அத்தோடு கூட்டம் எழுப்பிய இரைச்சலில் வர்ணனையாளரின் குரல் மூழ்கிப்போயிற்று.

நோரீன் ரேடியோவின் மேல் காதை வைத்தாள். அது சந்தோஷமா கோபமா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தும் முடியவில்லை. எழுந்துபோய்ப் பின்வாசல் பூட்டை இழுத்துப் பார்த்தாள். திரும்பி வந்தபோது வர்ணனையாளர், பந்தை நடுக்களத்தில் பிடித்துவிட்டார்கள், நாரைகள் ஜெயித்துவிட்டார்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு கார் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. அவள் விளக்கை அணைத்துவிட்டு, அது தன் வீட்டைக் கடந்து போகும்வரை சுவரோரமாக நின்றாள்.