பம்ப் ஹவுஸ் பூட்டு

அக்கா, தூங்கிட்டியா? மெதுவாத்தான் பேசுறேன், எல்லாரும் முழிச்சிருக்காங்க. சாயங்காலம் பிடிச்ச மழை விடவே இல்ல. நம்ம தெரு பள்ளம், பம்ப் ஓடினாத்தான் தண்ணி வடியும்னு உனக்கே தெரியும். நீ ஹாஸ்டலுக்குப் போனப்புறம், வீட்டு வரிய ஏத்தக் கூடாதுன்னு அப்பாதான் தெரு பூரா கையெழுத்து வாங்கினாரு. நகராட்சியில வரிய ஏத்தல. செலவக் குறைக்கிறோம்னு பம்ப் ஹவுஸையே மூடிட்டாங்க. அங்க பம்ப் ஓட்டிக்கிட்டிருந்த அம்மாவோட வேலையும் போச்சு.

இப்ப அம்மா அந்தப் பழைய ரெயின்கோட்டை மாட்டிக்கிட்டு, பூட்டை உடைக்கப் போறேன்னு கடப்பாறையோட கிளம்பிட்டாங்க. நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

“போகாதம்மா. உள்ள மோட்டாரே இல்ல, கழட்டி லாரியில ஏத்தினதை நான் பார்த்தேன்.”

“தெரியும்டி. கழட்டினவனுக்கு டார்ச் பிடிச்சதே நான்தான்.”

“அப்புறம் எதுக்கும்மா போறே?”

“வேற என்னடி பண்ணச் சொல்றே?”

அப்பா டிவியைத் தூக்கிக் கட்டில் மேல வைக்கிறாரு. அம்மா கோட்டைக் கழட்டாம வாசல்லயே உக்காந்துட்டாங்க. அக்கா, கதவுக்கு அடியில தண்ணி வருது. எனக்குப் பயமா இருக்கு. போனை வெச்சிடாத.