வயர் மாட்டிக் கேட்ட குரல்

"நல்லா இருக்கு" என்றார் ஒலிப்பதிவாளர். அவர் மனைவியின் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

வேறு எந்த வீட்டிலும் அந்த வார்த்தைக்கு ஒரு சிரிப்பாவது கிடைத்திருக்கும். இந்த வீட்டில் அப்படி இல்லை. பார்வையற்றவர்களுக்கான ஒலிநூல் நிலையத்துக்காக இருபத்திரண்டு வருடங்களாக அவள் வாசிக்கிறாள், அவர் பதிவு செய்கிறார். சரியில்லை என்றால் "மறுபடி" என்பார். சரியாக இருந்தால் "அடுத்த பக்கம்" என்பார். இவை தவிர மூன்றாவது ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. நிலையத்தில் அவருக்குப் 'பாம்புச்செவி' என்று பெயர். புதிதாக வாசிக்க வந்த ஒருவரிடம், "காலையில சாப்பிடாம வந்துட்டீங்களா? வயித்துச் சத்தம் பதிவாகுது" என்று சொல்லி, அந்த மனிதர் மறுநாள் வராமலே போனதாக ஒரு கதை உண்டு.

அப்படிப்பட்டவர் "நல்லா இருக்கு" என்கிறார். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

ஏழு வாரங்களுக்கு முன்னால்தான் அவளுக்குக் கழுத்தில் தைராய்டுக் கட்டியை எடுத்திருந்தார்கள். குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, குரல் கொஞ்சம் மாறலாம், பெரும்பாலும் ஆறு வாரத்தில் திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'பெரும்பாலும்' என்ற சொல்லை இருவரும் ஏழு வாரமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுப் பேச்சில் பெரிய வித்தியாசம் தெரியவில்லைதான். ஆனால் மைக் கண்டுபிடிப்பதை வெறும் காது கண்டுபிடிக்காது என்பது அவர் கட்சி. அறுநூறு பக்க நாவல் ஒன்றை நிலையத்தில் அவளுக்காகவே யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்து, இந்த வாரம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வாசிக்கிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அதனால் இன்று காலை, சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்ட சின்ன அறையில் உட்கார்ந்து முதல் ஐந்து பக்கங்களை வாசித்துப் பார்த்தாள்.

வெளியே ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவர் முதல் வரியிலேயே ஒலியளவைக் கூட்டிப் பார்த்தார். அவள் குரலின் அடியில் எப்போதும் ஒரு கனம் இருக்கும், நிறைகுடத்தை இறக்கி வைப்பது போல. அதைக் காணோம். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ படிப்பது போலிருந்தது. ஐந்து பக்கமும் அதே கதை. அதை அவளிடம் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

மத்தியானம் அவள் நாவலை ஒரு துணிப்பைக்குள் வைத்து, பையை வாசல் கதவுக் கொக்கியில் மாட்டினாள்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"திருப்பிக் குடுக்க. வேற யாராவது வாசிக்கட்டும்."

"நான்தான் நல்லா இருக்குன்னு சொன்னேனே!"

"அதனாலதாங்க" என்றாள் அவள். கோபமில்லாமல் சொன்னதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கிளம்புவதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எவ்வளவு போய்விட்டது என்று அளந்து பார்த்தால், அடிக்கனத்தைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் ஏற்றி ஒப்பேற்றிவிடலாமே என்று தோன்றியது. அளக்க ஒரு அளவுகோல் வேண்டும். போன வருடம் அவள் வாசித்த ஒரு பயணநூலைத் தேடி எடுத்து ஓடவிட்டார்.

போன வருடக் குரலும் தகர டப்பாவுக்குள் இருந்தது.

கேட்டவர் பேயறைந்தது போல உட்கார்ந்துவிட்டார். போனது அவள் குரல் அல்ல, தன் காதுதான் என்று முதலில் நினைத்தார். ஒரு நொடி, வெட்கமே இல்லாமல், அதற்காகச் சந்தோஷமும் பட்டார். பிறகுதான் தலைமேல் இருக்கும் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார்.

அது புதிது. மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த மாதத்தில் அவருடைய பழைய ஹெட்போனின் இடது காது செத்துப்போக, செல்போன் கடை வைத்திருக்கும் மச்சினன் இதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். வயரே தேவையில்லாத ரகம். "காத்துல வர்ற சத்தத்தை நம்பி வேலை செய்ய முடியாதுடா மாப்ளே" என்று சொல்லிவிட்டு, பெட்டியின் அடியில் சுருட்டி வைத்திருந்த வயரைத் தேடியெடுத்து, முதல் நாளே குத்தி வைத்துவிட்டார் அவர். அதில் அவர் கேட்ட முதல் பதிவு இன்று காலை எடுத்ததுதான். வயர் என்றால் சுத்தம், வயர் என்றால் உண்மை. அதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பால்கனிக்குப் போய் மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, நீ குடுத்தது ஹெட்போனா, தகர டப்பாவா?"

"ஏன் அத்தான் ரகசியம் பேசறீங்க? அக்கா தூங்குதா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அதுல சத்தம் பிரமாதமா இருக்குமே. எப்படிக் கேக்கறீங்க?"

"எப்படிக் கேப்பாங்க? வயர் மாட்டித்தான்."

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது.

"ஏரோப்ளேன் வாங்கிக் குடுத்தா ரோட்டுல உருட்டிட்டுப் போறீங்களே அத்தான்! உள்ள ஒரு சிப் இருக்கு. அதுதான் சத்தத்தைத் திருத்தி, கனம் சேர்த்துக் காதுக்கு அனுப்பும். நீங்க வயரைக் குத்தினதும் இந்த மாடல்ல அது அணைஞ்சிடும். சார்ஜ் தீர்ந்துட்டா அவசரத்துக்குக் கேக்கத்தான் அந்த வயர். கழட்டிட்டு பட்டனை அமுக்குங்க."

கழற்றினார். அமுக்கினார். பயணநூலில் அந்தப் பழைய கனம் வந்து இறங்கியது. இன்று காலைப் பதிவைத் திறந்தார். அதிலும் இருந்தது. வாக்கிய முடிவுகளில் ஒரு சின்னக் கரகரப்பு, கொஞ்சம் களைப்பு. ஆனாலும் அவள்தான். ஐந்து பக்கத்தையும் முழுசாகக் கேட்டுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினார்.

"ஏம்மா, எழுந்திரு! உன் குரல்ல ஒண்ணுமில்ல. ஹெட்போன்லதான் கோளாறு. வயரைக் குத்தினா அது சத்தத்தைச் சாவடிச்சுடுது!"

அவள் எழுந்து உட்கார்ந்து கூந்தலை முடிந்தாள். "அப்படின்னா காலையில நல்லா இல்ல."

"அது வந்து..."

"பொய் சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"இப்ப சொல்றது மட்டும் நிஜம்னு நான் எப்படி நம்பறது? என் காதுலயே பூ சுத்தறீங்களா?"

அவர் ஹெட்போனை அவள் தலையில் மாட்டி, வயரைக் குத்திப் பயணநூலை ஓடவிட்டார். "இது போன வருஷம் நீ வாசிச்சது. கேளு."

அவள் முகத்தைச் சுளித்தாள். "போன வருஷமே எனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"அதைத்தான் சொல்றேன்!" வயரைப் பிடுங்கினார். பட்டனை அமுக்கிப் பயணநூலை மறுபடி ஓடவிட்டார். பிறகு காலைப் பதிவு. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டாள்:

"இதுல நீங்க எதையாவது ஏத்தி வெச்சீங்களா?"

அவர் அயர்ந்து போனார். மத்தியானம் அவர் செய்ய நினைத்த காரியம்தான் அது. இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் இருந்தவளுக்கு அது தெரியாமல் போகுமா?

"ஏத்தறவனா இருந்தா மூணாவது பக்கத்துல நீ 'தாழ்ப்பாள்'ல 'ழ'வை முழுங்கினதை விட்டுவெப்பேனா?" என்று வெடித்தார். "கொழகொழன்னு 'தாப்பா'ங்கற. மூச்சு வாங்கறது நாலு எடத்துல கேக்குது. கடைசிப் பத்தியில வீட்டுக்குப் போற அவசரத்துல இருக்கற மாதிரி ஓடற. நீ இருக்கறதே வீட்லதானே!"

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். "நாலு எடம் இல்ல. ரெண்டு."

"நாலு. எண்ணி வெச்சிருக்கேன்."

"தாழ்ப்பாள்" என்றாள் அவள், சுவரைப் பார்த்து. "தாழ்ப்பாள். தாழ்ப்பாள். இப்ப?"

"முதலாவது தேவலை. மத்தது ரெண்டும் மறுபடி."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகத் திரும்பியது. அவர் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார். குடிக்கும்போது கழுத்துத் தழும்பு மெல்ல ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் வாசிக்கறேன்" என்றாள்.

"நாலு. நாலைத் தாண்டினா உன் தொண்டை தாங்காது. இது பொய்யில்ல."

"அறுநூறு பக்கத்தை நாலு நாலா வாசிச்சா என்னிக்கு முடியும்?"

"முடியறப்ப முடியட்டும்."

நிலையத்துக்கு அவளே போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வணக்கம், நான் பேசறேன்" என்றாள். மேலே சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திவிட்டாள். யார் பேசுவது என்று அந்தப் பக்கத்தில் யாரும் கேட்கவில்லை; "நாவலை எப்ப ஆரம்பிக்கறீங்க?" என்றுதான் கேட்டார்கள்.